கேட்டு வாங்கக் கூடாத கூடை

மடத்தில் "வாருங்கள்" என்று சொல்வது சாமிமாரின் வேலை. "போய் வாருங்கள்" என்று சொல்வது மனேச்சரின் வேலை.

அந்த இரண்டாவது வேலையைச் சண்டைக் காலத்தில் வெள்ளவத்தையில் பார்த்தவன் நான். காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ரயில் பாதைக்குச் சற்று முன்னால் எங்கள் மடம். இலங்கையில் இருந்த கிளைகளுக்கெல்லாம் அதுதான் தலைமை. மடத்தைத் தொடங்கிய பெரியசாமியின் சமாதி உள்ளே இருந்ததால் யாத்திரிகர் வருவார்கள். அவர்களுக்கென்று ஒரு விடுதி. அந்த விடுதிக்கு நான் மனேச்சர். யாத்திரிகர் மூன்று நாள் தங்கலாம், அதற்கு மேல் இல்லை. பெரியசாமி காலத்துச் சட்டம். வங்கிக் கவுண்டரிலோ ஆஸ்பத்திரி வாசலிலோ உட்கார்ந்து, ஆளின் முகத்தைப் பார்த்து "ஏலாது" என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

கண் திறவாத வாத்தியார்

முன்பெல்லாம் கதிர்காமம் போகிறவர்கள் வழியில் வந்து தங்குவார்கள், கும்பிடுவார்கள், போவார்கள். நான் வேலைக்கு வந்த நேரம் வடக்கிலிருந்து வேறு மாதிரி யாத்திரிகர் வரத் தொடங்கியிருந்தார்கள். விசாவுக்கு நிற்பவர், கண் ஒப்பரேசனுக்கு வந்தவர், பிடிபட்ட பிள்ளையைத் தேடி வந்தவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே திருநீற்றை அள்ளிப் பூசிக்கொண்டு, "யாத்திரை வந்தனாங்கள்" என்பார்கள். நான் என்ன, நெற்றியைச் சுரண்டியா பார்க்கிறது?

கனடா விசாவுக்குக் காத்திருந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். நாலாம் நாள் காலை அவரைத் தேடிப் போனால் தியான மண்டபத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார். தியானத்தில் இருப்பவரோடு பேசக்கூடாது என்பதும் மடத்துச் சட்டம்தான். ஒரு மணித்தியாலம் கழித்துப் போனேன். என் காலடிச் சத்தம் கேட்டதும் அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனுசன் டக்கென்று கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவேயில்லை. தூணோடு சாய்ந்து நின்றுகொண்டேன். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது. கண் திறந்தது. "ஐயா, மூண்டு நாள் முடிஞ்சுது" என்றேன். அவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "தம்பி, மூண்டு நாளிலை ஞானம் வாறதெண்டால் உமக்கு எப்பவோ வந்திருக்கவேணும்."

ஹாஜியார் வீட்டு மல்லிகை

மாலைப் பூசைக்குப் பெரியசாமியின் சமாதிக்கு ஒரு பெரிய மாலை போடவேண்டும். அதைக் கட்டிக்கொண்டிருந்த தொண்டர் அம்மா ஒருவர் லண்டனிலிருக்கும் மகளிடம் போய்விட்டதால், கொஞ்சக் காலமாகச் சந்தையிலிருந்து கட்டிய மாலையே வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் கொழும்பில் குண்டு வெடித்து, திடீரென்று ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். மாலையும் இல்லை, பூக்காரனும் இல்லை. மடம் தொடங்கிய நாளிலிருந்து சமாதி வெறுமையாக இருந்ததில்லை என்று, அப்போது மடத்தை நடத்திய சாமி என்னைப் பார்க்கிறார். குண்டு வைத்தது நான்தான் என்பது போன்ற பார்வை.

எங்கள் மதிலுக்குப் பக்கத்து வீடு ஹாஜியாருடையது. காலி வீதியில் இரும்புக்கடை வைத்திருந்தவர். அவருடைய முற்றத்தில் மல்லிகைப் பந்தல் ஒன்று, பூத்துக் கொட்டிக்கொண்டிருக்கும். கேட்கலாமா, வேறு சமயத்தவரின் பூசைக்குப் பூக் கேட்டால் என்ன நினைப்பாரோ என்று மதிலோரம் நின்று முழித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் கண்டுவிட்டார். விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன் மனைவியைக் கூப்பிட்டு, கட்டில் விரிப்பை எடுத்து வரச் சொல்லி, இரண்டு பேருமாகப் பந்தலின் கீழே பிடித்துக்கொண்டு உலுப்பினார்கள். பிறகு மூட்டையாகக் கட்டி மதிலுக்கு மேலால் தந்தார்கள். "உங்களுக்கு இதால ஒண்டும் இல்லைத்தானே ஹாஜியார்?" என்று நான் இழுத்தேன். "பூவுக்குத் தெரியுமா மெனேஜர், அது எந்த ஊட்டு மரத்துப் பூ எண்டு? கொண்டு போங்க, வாடிப்போகும்" என்றார்.

கை நீட்டியது நான்

பூ வந்துவிட்டது. யார் கட்டுவது? அப்போது விடுதிப் படியில் பூரணம் அக்கா உட்கார்ந்திருந்தா. சண்டையால் தரைப்பாதை மூடிக் கிடந்ததால் பருத்தித்துறையிலிருந்து கப்பலில் வந்தவ. கொழும்பில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த மகன் குமரனை, வேலை முடிந்து வரும் வழியில் ஒரு சோதனையில் சந்தேகத்தில் பிடித்து அடைத்துவிட்டார்கள். தகப்பன் இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை, அவன் ஒருவன்தான். வழக்கு எடுக்கும்வரை கிழமைக்கு ஒருமுறை தூரத்தில் நிற்க வைத்து முகத்தைக் காட்டுவார்களாம். அந்த முகத்துக்காகத்தான் அக்கா கொழும்பில் நின்றா. அன்றைக்கு அவவுக்கு மூன்றாம் நாள். லொட்ஜ்களில் தனியே வந்த பொம்பிளைக்கு இடமில்லை என்று ஏற்கெனவே திருப்பி அனுப்பியிருந்தார்கள். "நாளைக்கு வெளிக்கிடவேணும் அக்கா" என்று சொல்லத்தான் நான் போனேன். வாய் வரவில்லை. மூட்டைப் பூவைக் கொட்டிய மடத்துக் கூடை வேறு கையில். "அக்கா, சும்மாதானே இருக்கிறியள், இதைக் கட்டித் தாங்கோ" என்று கூடையை நீட்டிவிட்டேன்.

மறுநாள் காலை மனதைக் கல்லாக்கிக்கொண்டு போனால், அக்கா குளித்து முழுகி, ஹாஜியார் வீட்டு மதிலோரம் கூடையோடு நின்று பூ வாங்கிக்கொண்டிருக்கிறா. எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எங்கள் மடத்தில் பூக்கூடைக்கு ஒரு வழக்கம் உண்டு. கூடையைக் கையில் வாங்கியவர் மடத்தின் மாலைத் தொண்டர். தன் நேர்த்தி முடிந்தது என்று அவராகத் திருப்பித் தரும்வரை யாரும் அதைக் கேட்டு வாங்கக்கூடாது. தொண்டருக்கு மூன்று நாள் சட்டமும் இல்லை. ஓடிப்போய்ச் சாமியிடம் சொன்னேன்.

"கூடையை ஆர் குடுத்தது?" என்றார் சாமி.

"நான்தான் சாமி. யோசிக்காமல் நீட்டிப்போட்டன்."

சாமி வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த மனுசன் சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "இத்தனை வருசத்திலை நீர் யோசிக்காமல் செய்த ஒரேயொரு நல்ல காரியம் இதுதான்" என்றார்.

ஒரு பூ அதிகம்

அக்கா மாலை கட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் வாய் அசைவது தெரியும். ஒவ்வொரு பூவுக்கும் முடிச்சுப் போடும்போது "குமரன், குமரன்" என்று சொல்லுவா. வேறு மந்திரம் கிடையாது. சாமியும் கேட்டிருக்கிறார், தடுத்ததில்லை.

ஒரு நாள் விடியற்காலை ஒழுங்கையைச் சுற்றிவளைத்துச் சோதனை. எங்கள் மடத்துக்குள்ளும் ஆமிக்காரர் வந்தார்கள். எல்லோரும் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் வரிசையாக நின்றோம். மற்றவர்கள் அறை அறையாகப் பார்க்க, ஓர் இளம் ஆமிக்காரன் மட்டும் சமாதி வாசலில் தயங்கி நின்றான். பிறகு சப்பாத்தைக் கழற்றினான். தோளில் தொங்கிய துவக்கை என்ன செய்வது என்று தெரியாமல் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, அதை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டு கும்பிட்டான். பூக்கூடையோடு நின்ற அக்காவிடம், "அம்மே, மகே மல்லிடத் எக மலக் தியன்ன" என்றான். அக்காவுக்குச் சிங்களம் தெரியாது. பயத்தில் என்னைப் பார்த்தா. "தன்ரை தம்பிக்கும் ஒரு பூ வைக்கட்டாம் அக்கா" என்றேன். தம்பி எங்கே என்று கேட்டேன். தம்பியும் ஆமியாம், யாழ்ப்பாணத்தில் நிற்கிறானாம், ஒரு மாதமாகச் செய்தி இல்லையாம்.

இதை அக்காவுக்குச் சொல்வதா விடுவதா? குமரனை அடைத்து வைத்திருக்கிறது இவர்களுடைய ஆட்கள். அக்காவுடைய ஊரில் துவக்கோடு நிற்கிறது இவனுடைய தம்பி. இருந்தாலும் சொன்னேன். அதற்குள் அவன் போகத் திரும்பிவிட்டான். "நிக்கச் சொல்லுங்கோ தம்பி. அந்தப் பொடியன்ரை பேர் என்னெண்டு கேளுங்கோ. பேரில்லாமல் நான் எப்பிடிக் கட்டுறது?" என்றா.

முதலாளிக்கும் ஒரு பாய்

பெரியசாமியின் குருபூசை வந்தால் விடுதி நிரம்பி வழியும். கண்டி, மட்டக்களப்பு, திருகோணமலை என்று கிளை மடத்துச் சாமிமாரும் அடியார்களும் வந்துவிடுவார்கள். அந்த முறை கொள்ளுப்பிட்டியில் பெரிய துணிக்கடை வைத்திருந்த முதலாளி ஒருவர், குருபூசை முடியும்வரை மடத்திலேயே தங்கி விரதம் இருக்கப் போவதாக வந்து நின்றார். மடத்துக் கூரைக்கு ஓடு போட்டுத் தந்தவர். இருந்த ஒரேயொரு தனியறை அக்காவுடையது. "அந்த மனுசியை எங்கையாவது மாத்தும்" என்றார். மாத்துவதென்றால் எங்கே? பாயைச் சுருட்டிக்கொண்டு போகும் தாய்க்குக் கொழும்பில் எந்தக் கதவு திறக்கும்? அடுத்த கிழமை வழக்கு. அதற்குள் அவ ஊருக்குத் திரும்பிப் போகவேண்டி வந்தால் மறுபடி கப்பல் ஏற எத்தனை மாதம் ஆகுமோ.

நான் சாமியிடம் போய்க் கையைப் பிசைந்தேன். சாமி எழுந்து தன் அறைக்குள் போனார், பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார், என்னைப் பார்த்து, "முதலாளியை என்ரை கட்டிலிலை விடும்" என்றுவிட்டு மண்டபத்து மூலையில் போய் விரித்தார். நான் வந்து முதலாளியிடம் சாமியின் அறையைத் திறந்து காட்டினேன். சுவரில் பெரியசாமியின் படம், கொடியில் சாமியின் காவி வேட்டி. முதலாளி உள்ளே எட்டிப் பார்த்தார், மண்டபத்தை எட்டிப் பார்த்தார், ஆளுக்கு வியர்த்துவிட்டது. "மனேச்சர், எனக்கும் ஒரு பாய் எடும். சாமியைத் தரையிலை போட்டிட்டு நான் கட்டிலிலை படுத்தனான் எண்டு தெரிஞ்சால் என்ரை மனுசி என்னை வீட்டுக்குள்ளை அடுக்காள்" என்றார்.

கூடை திரும்பிய நாள்

வழக்கு நாளன்று எனக்கு வேலை ஓடவில்லை. கேற்றைப் பார்ப்பதும் மேசைக்கு வருவதுமாக இருந்தேன். பின்னேரம் அக்கா வந்தா. பக்கத்தில் மெலிந்து கறுத்த ஒரு பொடியன். "விட்டிட்டாங்கள் தம்பி" என்று மட்டும்தான் அவவுக்குச் சொல்ல முடிந்தது. நான் குமரனை அதற்கு முன் கண்டதேயில்லை. ஆனாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. அன்று பந்தியில் நானே பரிமாறினேன். அவனுக்குச் சோறு போட்டேன், மறுபடி போட்டேன், "காணும் அண்ணை, காணும்" என்று இலையைக் கையால் மறைக்கும்வரை போட்டேன். அன்றைய மாலையையும் அக்காதான் கட்டினா. வாயில் குமரன் இல்லை. நிமலுக்கு மட்டும் வழக்கம்போல ஒரு பூ. ஆமிக்காரனின் தம்பி பெயர் அதுதான்.

மறுநாள் காலை பையோடு மகன் கேற்றடியில் நிற்க, அக்கா கழுவித் துடைத்த கூடையோடு என் மேசைப் பக்கம் வந்தா. நான் எழுந்து இரண்டு கையையும் நீட்டினேன். என் மேசைக்கு முன்னால் இருந்த மரவாங்கில், மன்னாரிலிருந்து புருசனைத் தேடி வந்த ஓர் இளம் பெண் இருந்தாள். அவளுக்கு அன்றோடு மூன்று நாள். அவளுக்குச் சொல்ல வேண்டியதை நான் தொண்டைக்குள் தயார்பண்ணி வைத்திருந்தேன். அக்கா என் கையைத் தாண்டிப் போய்க் கூடையை அந்தப் பெண்ணின் மடியில் வைத்தா. கூடையைத் தொண்டர் தானாகத் திருப்பித் தரவேண்டும் என்றுதான் பெரியசாமி சொல்லியிருக்கிறார்; யாரிடம் என்று சொல்லி வைக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே நின்ற என்னைப் பார்த்து அக்கா சொன்னா: "குறை நினையாதேங்கோ தம்பி. என்ரை பிள்ளை வந்திட்டான், இவவின்ரை மனுசன் இன்னும் வரேல்லை. மூண்டு நாள் கணக்கை நீங்கள் வேற ஆரிட்டையாவது பாருங்கோ."

"போய் வாருங்கள்" என்று சொல்லச் சம்பளம் வாங்கிய நான்தான் சண்டை முடியுமுன் அங்கிருந்து போனேன். அந்தக் கூடையோ ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குப் போய்க்கொண்டிருந்ததே தவிர, என் மேசைக்கு ஒரு நாளும் திரும்பி வரவில்லை.