நான்காம் மாடியில் காணாமல் போன புற்றுநோய்

கத்தியக்கா ஒரு பெண்ணின் புற்றுநோயை ஆளில்லாத நேரத்தில் அழித்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. கீழ்த்தளத்தில் கேட்டால், ஸ்லைடை மாற்றி வைத்தாளாம். இரண்டாம் மாடியில், அந்தப் பெண் அவளுக்கு நாத்தனார் மகளாம். லிஃப்ட்காரருக்கோ பூட்டை உடைத்தது வரை தெரிந்திருந்தது. லிஃப்ட் ஏற ஏறக் குற்றமும் ஏறியது. குற்றம் நடந்ததாகச் சொல்லப்பட்ட நான்காம் மாடி, திசுப் பரிசோதனைக் கூடத்தில் மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆட்கள் திறக்காத வாயைப் பதிவேடு திறந்தது. அது சொன்ன கதையில் பூட்டும் இல்லை, நாத்தனாரும் இல்லை.

பெயருக்குப் பயந்துவிட வேண்டாம். கத்தியக்கா பத்தொன்பது வருடமாக வெட்டியதெல்லாம் மெழுகைத்தான். ஆபரேஷன் தியேட்டரில் எடுத்த சதைத்துண்டை, கெடாமல் பதப்படுத்தும் ஃபார்மலினில் ஊறவைத்து மெழுகுக்குள் பதித்தால், தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு கட்டி வரும். அதுதான் பிளாக். அதை மூன்று மைக்ரான் கனத்துக்குச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்திச் சாயம் ஏற்றுவாள்; அந்தக் கண்ணாடிதான் ஸ்லைடு. மூச்சு பட்டால் சீவல் சுருண்டுவிடும். அதனால் அவள் தும்மலைக்கூட அடக்கப் பழகியிருந்தாள்.

மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று அவள் மூன்று நாள் விடுப்பு எடுத்தாள். அந்த மூன்று நாளில் வந்தது அந்தக் கழுத்துக் கட்டி. இருபத்திரண்டு வயது மழலைப் பள்ளி ஆசிரியை; ஒரு மாதமாகக் காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டியிருந்தது. அந்த நெறியை, அதாவது வீங்கிய நிணநீர்க் கணுவை, எடுத்தவர்கள் நடுவில் ஒரு கீறல்கூடப் போடாமல் முழுசாகப் பாட்டிலில் போட்டு, மேலே 'அவசரம்' என்று எழுதி அனுப்பினார்கள். முழுசாகக் கிடக்கும் கணுவுக்குள் ஃபார்மலின் இறங்க நேரம் பிடிக்கும். அவசரம் என்று எழுதிய பிறகு அதற்கு ஏது நேரம்? அன்றைக்கே பாதியை மெழுகில் ஏற்றி, மழுங்கிய கத்தியில் தடிமனாக வெட்டித் தள்ளினார் கத்தியக்காவுக்குப் பதிலாக வந்தவர்.

துறைத் தலைவரான பெரிய டாக்டர் இரண்டு மீட்டிங்குகளுக்கு நடுவே பதினான்கு ஸ்லைடு பார்த்தார். அதில் இதுவும் ஒன்று. செல்மேல் செல் குவிந்து கறுப்பாகத் தெரிந்தது. லிம்ஃபோமா, அதாவது கணுவில் வரும் புற்றுநோய், என்று தோன்றினால் சிறப்புச் சாயங்கள் போட்டு உறுதி செய்வதுதான் முறை. லிம்ஃபோமாவில் பல பத்து வகை. லிம்ஃபோமா வேஷம் கட்டிவரும் சாது நோய்களும் உண்டு. அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை. 'வேகமாகப் பரவும் லிம்ஃபோமா' என்று கையெழுத்திட்டுவிட்டு மீட்டிங்குக்குப் போனார். அந்த மீட்டிங் தரக் கட்டுப்பாடு பற்றியது.

விடுப்பு முடிந்து வந்த கத்தியக்கா, அடுக்குவதற்காக அந்த ஸ்லைடை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பேனா மை கொட்டினதுபோல் இருந்தது. இதை வைத்து யாரும் எதையும் சொல்லிவிட முடியாது. பாட்டிலைத் தேடினாள். மீதிப் பாதி உள்ளே கிடந்தது. வெட்டிய பக்கமாக ஃபார்மலின் இறங்கி நன்றாகப் பதப்பட்டிருந்தது. அதைப் பிளாக் ஆக்கி, புதுக் கத்தி போட்டுச் சீவி, ஸ்லைடைப் பெரிய டாக்டர் மேஜையில் வைத்தாள்.

அவர் அதைத் தொடக்கூட இல்லை. "யாரு கேட்டா உன்கிட்ட? வெட்டுறது உன் வேலை, பாக்குறது என் வேலை."

"நான் வெட்டினதைத்தானே சார் நீங்க பாக்கணும்."

கையெழுத்திட்ட ரிப்போர்ட்டைத் திறந்தால் துறைக்கு அசிங்கம் என்றார். அடுத்த புதன்கிழமை கீமோ ஆரம்பம். தப்பான நோய்க்கு விஷம் ஏறப்போவது அசிங்கத்தில் சேராது போலும்.

வீட்டில் புலம்பினாள். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுத்தரும் கணவர், "நீ ஏன் பக்கத்து சீட்ல இருந்துக்கிட்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கிற?" என்றார்.

"நீங்க பக்கத்து சீட்ல இருந்துதானே தினமும் பிரேக் அடிக்கிறீங்க?"



மறுநாள் அந்தப் பெண்ணின் அப்பா, வெல்டிங் பட்டறைக்காரர், ரிப்போர்ட் நகல் வாங்க வந்தார். கூடவே மகளும். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். எப்படியும் கொட்டத்தானே போகிறது, முன்னாலேயே வெட்டிக்கொண்டால் மனசு பழகிவிடும் என்று யாரோ சொன்னார்களாம். கத்தியக்கா அந்தக் கழுத்தைப் பார்த்தாள், தையல் போட்ட இடத்தைப் பார்த்தாள்.

"ஐயா, கணு நோய் மட்டுமே பாக்குற டாக்டர் ஒருத்தர் இருக்கார். பிளாக்கைக் கேட்டு வாங்கிட்டுப் போய்க் காட்டுங்க. கேக்குறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு."

"தப்பா இருக்குமாம்மா?"

"அதை நான் சொல்லக் கூடாது. நல்லா வெட்டியிருக்கேன், அதை மட்டும் சொல்றேன்."

பிளாக் வேண்டும் என்று அப்பா எழுதிக் கொடுத்தார். அனுமதிக் கையெழுத்திட வேண்டிய பெரிய டாக்டர் வெளியூர்க் கருத்தரங்கில் இருந்தார். வெளியே போகும் பிளாக்குகளின் பதிவேட்டில், 'பொறுப்பு' என்ற கட்டத்தில் கத்தியக்கா தன் பெயரையே எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் கணு டாக்டரிடமிருந்து பதில் வந்தது. செத்த செல்களின் தூள், அதைச் சுத்தம் செய்ய வந்த செல்கள், சீழ் செல் ஒன்றுகூட இல்லை. சிறப்புச் சாயங்களும் அதையே சொல்லின. கிக்கூச்சி நோய்; புற்றுநோயே இல்லை. அரியது, பெரும்பாலும் சில மாதங்களில் தானாக அடங்குவது. கீமோ ரத்தானது. இரண்டு மாதத்தில் காய்ச்சலும் கட்டியும் போயின. முடி மட்டும் தோள் வரை வர இன்னும் நாளாகும்.

முதல் வாரம் புற்றுநோய், மறுவாரம் இல்லை என்றால் ஊருக்கு ஒரு காரணம் வேண்டுமே. ரிப்போர்ட் தப்பு என்று ஒரு வரி எழுதித் தொங்கவிட்டிருந்தால் லிஃப்ட் சும்மா ஏறி இறங்கியிருக்கும். அதை யாரும் எழுதவில்லை. ஒரு டாக்டர் தவறினார் என்பதைவிட ஒரு டெக்னீஷியன் திருடினாள் என்பது மாடிப்படிகளுக்குச் சுலபமாகப் பிடிபட்டது. பெரிய டாக்டர் 'எங்கள் துறை கண்டறிந்த அரிய நோய்' என்று மாநாட்டில் பேசிக் கைதட்டல் வாங்கினார். திரையில் காட்டிய படம் கத்தியக்கா சீவிய ஸ்லைடு. அவளுக்குக் கிடைத்தது, அனுமதியின்றிப் பிளாக் வெளியே போனதற்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ. விளக்கத்தை அரைப்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். ஒரு இடத்திலும் மன்னிப்பு என்ற சொல் இல்லை.

இன்னும் அந்தப் பிளாக் திரும்பவில்லை. கணு டாக்டர் மாணவர்களுக்குக் காட்ட வைத்திருக்கிறார். இரண்டு கடிதம் போட்டும் 'அடுத்த வாரம்' என்றே பதில். பதிவேட்டில் 'திரும்பிய தேதி' காலியாக இருக்கிறது, பக்கத்தில் அவள் பெயர். பிளாக் எங்கே என்று வாரா வாரம் வந்து கேட்பவர் பெரிய டாக்டர். கட்டுரை எழுதுகிறாராம், இன்னும் நாலு படம் வேண்டுமாம்.

"உன் பேர்லதான் பாக்கி நிக்குது" என்கிறார்.

"ஆமா சார், நிக்கட்டும்" என்கிறாள் கத்தியக்கா, மெழுகிலிருந்து கண்ணெடுக்காமல்.