தவராஜாவின் கோப்பித் தோட்டம்

1986 பெப்ரவரி 9. ஊருக்குக் கடிதம், முத்திரை: 1 பிராங் 40.
மார்ச் 22. பார்சலுக்குச் சுங்கம்: 11 பிராங் 20.
மார்ச் 24. இயந்திரம் திருத்திய கூலி: 96 பிராங்.
மார்ச் 25. ஊருக்கு இன்னொரு கடிதம், முத்திரை: 1 பிராங் 40.

தவராஜாவின் கோப்பித் தோட்டம் அவருக்கு வைத்த செலவு இவ்வளவு. வரவு இல்லை.

தோட்டமும் இல்லை. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் அவருடைய தகப்பனார் வெங்காயம் வைத்தவர். கிணற்றடியில் இரண்டு கோப்பிச் செடி நின்றது உண்மை. பழத்தை அணில் தின்றது. சூரிச்சில் விமானம் இறங்குவதற்குள் அந்த இரண்டு செடியும் இருபது ஏக்கராகிவிட்டன.

சூரிச்சின் லாங்ஸ்ட்ராஸ தெருவில் ஓர் உணவகத்தில் அவர் கோப்பை கழுவினார். சவர்க்கார நீரை விட்டு, வெள்ளைச் சட்டையோடு முன்பக்கம் கோப்பி இயந்திரத்தில் நிற்கவேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசை. முதலாளியம்மா தோட்டக் கதையை நம்பிவிட்டாள். "உன் கோப்பியைக் கொண்டு வா. நன்றாயிருந்தால் இயந்திரம் உனக்குத்தான்" என்று ஜெர்மனில் சொன்னாள்.

அன்றே மனைவி கலாவதிக்கு எழுதினார்: வெள்ளைக்காரர் குடிப்பது, திறமாக இருக்கவேண்டும், பைக்கு மேலே 'எங்கள் தோட்டம்' என்று எழுதவும்.

கலாவதி சந்தையில் கொட்டை வாங்கி, யாழ்ப்பாணத்தில் எல்லா வீட்டிலும் செய்வதுபோல மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் சேர்த்து வறுத்து, உரலில் மாவாக இடித்து அனுப்பினாள். பிறந்தது முதல் தவராஜா குடித்ததும் அதுவே. கோப்பிக் கொட்டைக்குள்ளேயே மல்லி விளைகிறது என்று நினைத்தாரோ தெரியாது. இருபது ஏக்கர்க்காரர்!

திங்கட்கிழமை காலை கடன் வாங்கிய வெள்ளைச் சட்டையோடு இயந்திரத்தில் நின்றார். முதல் கோப்பியை வாங்கிய டிராம் சாரதி மூக்கருகில் வைத்து மணந்து பார்த்து, தான் சூப் கேட்கவில்லை என்றார். இரண்டாவது கோப்பி வரவேயில்லை. மாத்தூள் வடிகட்டியை அடைத்து, இயந்திரம் சீறி நின்றது.

சமையலறையில் மரக்கறி வெட்டும் குகதாசன் எட்டிப் பார்த்தான்.

"அண்ணை, வெள்ளைக்காரனுக்குச் சளி, தடிமன் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"உவங்களுக்கு நாக்கு இல்லையடா. கோப்பி எண்டால் என்னெண்டு தெரியுமோ?"

"ஓம் அண்ணை. தோட்டம் வைச்சிருக்கிற ஆள் நீங்கள் சொன்னால் சரிதான். அந்தச் சட்டையைக் கழட்டித் தாங்கோ, அது என்ரை."

மத்தியானத்துக்குள் இயந்திரம் ஓர் இத்தாலியப் பெண்ணிடம் போயிற்று. தவராஜா கோப்பைத் தொட்டிக்குத் திரும்பினார். பிழை கலாவதியுடையது என்று நான்கு பக்கம் எழுதிப் போட்டார்.

அவள் ஒரு பக்கத்தில் பதில் எழுதினாள். "வெள்ளைக்காரருக்கு எண்டபடியால் குறை சொல்லக்கூடாது எண்டு மல்லி இரட்டிப்பாய்ப் போட்டனான். இனி அனுப்பமாட்டன். உங்கடை தோட்டத்திலை பிடுங்கிக் குடியுங்கோ."

கோப்பி பற்றிய அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 1986 மே 6.