கடல் கோபித்துக்கொண்டு போன துறைமுகம்

இரண்டாயிரம் ஆண்டு பழைய துறைமுகத்துக்குப் போனால் அங்கே கடல் இருக்கும் என்று நம்பிய அறிவாளி நான். ஓசூர் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக மைக்ரான் கணக்கில் அளப்பவன். கடல் சில கிலோமீட்டர் தள்ளிப்போனதை மட்டும் கவனிக்கவில்லை.

துருக்கியின் இஸ்மிர் நகரில் புது மெஷின் ஓட்டப் பத்து நாள் பயிற்சி. கைக்காசு போட்டு மனைவி மஞ்சுளாவையும் அழைத்துப்போனேன். கிருஷ்ணகிரிப் பக்கம் நாகரசம்பட்டி மாந்தோப்பு வீட்டுப் பெண். நாற்பது வயதுவரை கடலைப் பார்த்ததில்லை. கல்யாணமான வாரமே காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். எனக்கு லீவு கிடைத்தால் அவளுக்கு மாங்காய் அறுப்பு, அவள் ஓய்ந்தால் எனக்கு ஓவர்டைம். பத்தொன்பது வருடம் போய்விட்டது.

கையில் மிஞ்சியது கடைசி நாள். மாலை ஏழரைக்கு விமானம். இஸ்மிரிலேயே கடல் உண்டு, எங்கள் தொழிற்பேட்டை விடுதியிலிருந்து தெரியாத தூரத்தில். ஆனால் எங்கள் லேத் பிரிவு சாமுவேல், தூத்துக்குடிக்காரர், “எபேசுக்குப் போங்க அண்ணாச்சி, வேதத்துல வர்ற பவுல் கப்பல்ல வந்து எறங்குன துறைமுகம்லா!” என்றிருந்தார். ஒரே டிக்கெட்டில் வேதாகமமும் கடலும்! எக்செல்லில் அட்டவணை போட்டேன்: 11.30 முதல் 11.50 வரை, கடல் பார்த்தல்.

காலை எட்டு மணி ரயில். செல்ச்சுக் ஊருக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர்; அங்கிருந்து எபேசு இடிபாடுகளுக்கு மூன்று கிலோமீட்டர் மினி பஸ். நுழைவுச்சீட்டு ஆளுக்கு நாற்பது யூரோ.

“இத்தினி வாங்குறாங்களே, உள்ள குடியிருக்க வுடுவாங்களா?” என்றாள் மஞ்சுளா.

பளிங்குத் தெருவில் நடந்து அரங்கத்துக்கு வந்தோம். மலைச்சரிவில் வரிசை வரிசையாகக் கல் இருக்கைகள். பவுலின் பிரசங்கத்தால் தங்கள் பிழைப்பு கெடுகிறது என்று, பெண் தெய்வத்துக்கு வெள்ளிக் கோயில் செய்து விற்ற தட்டான்கள் கூட்டம் கூட்டிக் கத்தியது இங்கேதான். வந்தவர்களில் பலருக்கு எதற்காக வந்தோம் என்றே தெரியவில்லையாம். நம் தொழிற்சங்க கேட் மீட்டிங் எவ்வளவு பழையது என்று பெருமையாக இருந்தது.

11.30. மேல் வரிசையில் ஏறி நின்றோம். துறைமுகத் தெரு நேராக ஓடிக் கோரைப்புல்லில் முடிந்தது.

“கடல் எங்கீங்க?”

“அந்தக் கோரைக்கு அப்பால…”

“அப்பால வயலுங்க.” கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். “ஆத்து வண்டல் வந்து மூடிக்கிச்சு. எங்க பக்கத்து ஏரி மாதிரிதான். தூர் வாராம வுட்டா தண்ணி எத்தினி நாளு நிக்கும்?”

கீழே இருந்த தகவல் பலகை அதையே இரண்டு பத்தி ஆங்கிலத்தில் சொன்னது.

“செரி வாங்க, ஊருக்குப் போலாம்” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஒரு மணி. வாசலில் மினி பஸ். மீசைக்கார ஓட்டுநரிடம் கடல் என்பதற்கு இரண்டு கைகளாலும் அலை அடித்துக் காட்டினேன். அவரும் சிரித்துக்கொண்டே எனக்கு டாட்டா காட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஓடிப்போய் மறித்து, போனில் கடல் படத்தைக் காட்டினேன். “பமுஜாக்!” என்று கதவைத் திறந்தார்.

1.40. பமுஜாக் கடற்கரை. ஆட்கள் அதிகமில்லை. மஞ்சுளா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். முதல் அலை காலைத் தொட்டதும் இரண்டடி பின்னால் வந்தாள். பிறகு மூன்றடி முன்னால் போனாள். விரலை நனைத்து நாக்கில் வைத்து, “உப்புத்தான்” என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஈர மணலில் உட்கார்ந்தாள். கிருஷ்ணகிரியில் எந்தப் பக்கம் பார்த்தாலும் கண் ஒரு பாறையில் போய் முட்டும். ஓசூரில் காம்பவுண்டுச் சுவரில். இங்கே பார்வை போய்க்கொண்டே இருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அட்டவணையில் இல்லாத இரண்டு மணி நேரம்.

3.45.

“மஞ்சு, இப்பக் கெளம்பலைன்னா பிளேன் போயிரும்.”

அவள் திரும்பவில்லை.

“நீங்க போங்க.”