பெட்டியில் எழுதாதது

எங்கள் சைவ வீட்டுக்குள் எந்த உணவும் வாசிக்கப்படாமல் நுழைவதில்லை. முட்டையோ ஜெலற்றினோ கலந்திருக்கிறதா என்று அம்மா, நாங்கள் குடியேறிய பென்டில் ஹில் ஊர்க் கடையிலேயே நின்று, பொதியைக் கண்ணருகே பிடித்துத் தேடுவார். நாப்கின் பொதிகள் மட்டும் கூடையின் அடியில், காய்கறிகளுக்குக் கீழே, கவிழ்ந்தபடி வீடு வரும். நின்று அவற்றை வாசித்தவர் எங்களில் எவருமில்லை.

தங்கை பெரியவளானபோது நடந்த சாமத்திய வீட்டில் உறவினர்கள் நகை கொடுத்தார்கள். நான் மாதவிடாய்க்கென்றே தைக்கப்பட்ட, தோய்த்து அணியும் உள்ளாடைகள் ஐந்தைக் கொடுத்தேன். கசியாது, குப்பையில்லை, இயற்கைக்கு இசைந்தது என்றது பெட்டி. இலக்கியம் படிக்கும் நான், ஒரு வரியையும் இருமுறை வாசிக்காமல் விடாத நான், அந்தப் பெட்டியை நம்பினேன்.

ஏறக்குறைய ஓராண்டின் பின், பல்கலைக்கழகத்துக்குப் போகும் ரயிலில் ஒரு செய்தியை வாசித்தேன். இத்தகைய உள்ளாடைகள் சிலவற்றில், கசிவைத் தடுக்கச் சேர்க்கப்படும் வேதிப்பொருட்கள் உடலில் நெடுங்காலம் தங்கக்கூடியவை. உங்கள் துணியில் அவை உண்டா என்று அன்றே நிறுவனத்துக்கு எழுதினேன்.

மூன்று வாரங்கள் கழித்துப் பதில் வந்தது. சட்டங்கள் அனைத்தையும் தாம் பின்பற்றுவதாகவும், சேர்பொருட்களை வெளியிடும்படி எந்தச் சட்டமும் தம்மைக் கேட்கவில்லை என்றும் நன்றியுடன் எழுதியிருந்தார்கள். உண்டென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. பொய் ஒன்றுகூட இல்லாத அந்தக் கடிதம் ஏமாற்றியதுபோல் வேறெதுவும் என்னை ஏமாற்றியதில்லை. ஒரு பிஸ்கற்றுக்கு இந்த நாடு கொடுக்கும் காவலை என் தங்கையின் உடலுக்குக் கொடுக்கவில்லை.

அவளிடம் சொன்னபோது உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, வாங்கேக்க நீங்க செக் பண்ணேல்லையா?”

“பெட்டியில ஒண்டும் போடேல்லை.”

“போடாட்டில் சேஃப் எண்டு நினைச்சனீங்களோ?”

“ஓம்.”

“லிட்ரேச்சர் படிக்கிற ஆள்.” அவள் சிரிக்கவில்லை. “அப்ப நான் இவ்வளவு நாளும் போட்டது?”

“தெரியாது.”

“இனி? பாட் போடவா? அதுக்குள்ள என்ன கிடக்கு?”

குளியலறை அலமாரியிலிருந்து நாப்கின் பொதியை எடுத்து வந்து எல்லாப் பக்கமும் திருப்பினோம். எண்ணிக்கை, நீளம், ஒரு பூவின் படம்.

“அதுவும் தெரியாது,” என்றேன்.

நான் கொடுத்த ஐந்தையும் மடித்த மடிப்போடு என் கட்டிலில் வைத்தாள். பொதியிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு போனாள். மறுநாள் அவளுக்கு அது தேவைப்படும்.

இப்போது நான் வாங்கிவரும் எதையும் அவள் விசாரிக்காமல் உடலில் படவிடுவதில்லை. அது சரியே. ஆனால் என்னிடம் விசாரிப்பதில்லை. நான் எதிரே இருக்கும்போதே தொலைபேசியை எடுத்துத் தேடுகிறாள்.