வீங்கிய கணுக்கால்

துபாயில் ஜனவரி வெயில் இதமாக இருக்கிறது. குளிருக்குத் தப்பி வந்த ஒரு ஜெர்மன் கால்பந்து அணி இங்கே பயிற்சி எடுக்கிறது. தண்ணீர் பாட்டில் பெட்டிகளை இறக்கிவிட்டு நான் வேலியோரம் நிற்கிறேன். மைதானத்துப் புல்லுக்குத் தண்ணீர் விடும் செல்வம், புதுக்கோட்டைக்காரர், குழாயை இழுத்துக்கொண்டு நொண்டி வருகிறார். காலையில் பள்ளத்தில் இடறிய கணுக்கால், பூட்ஸுக்குள் வீங்கிக் கிடக்கிறது.

எதிரே முழங்காலில் கட்டுப் போட்ட ஆட்டக்காரன் ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்து ஐஸ் ஒத்தடம் கொடுக்கிறான்.

"அவன் ரொம்ப நாளா ஆடலையாம்ணே. சம்பளம் மட்டும் நிக்காதாம். அவங்க பஸ் டிரைவர் சொன்னாரு" என்கிறேன் செல்வத்திடம்.

"கிளப்புக்கு ஏதுப்பா அவ்ளோ காசு?"

"டிவிக்காரன் குடுக்கறது, டிக்கெட்டு, பனியன்ல போடுற விளம்பரம். வர்றதுல பெரிய பங்கு ஆட்டக்காரங்க சம்பளத்துக்கே போயிடுமாம்."

"குடுத்து வச்சவன். நமக்கு டூட்டி இல்லன்னா சம்பளம் மாஃபி, ஒண்ணும் கெடையாது. நொண்டுறத ஃபோர்மேன் பாத்தா ரூமுக்குப் போய்ப் படுன்னுடுவான்."

ஆட்டக்காரன் செல்வத்தின் காலைக் கவனித்துவிடுகிறான். பெஞ்சில் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டி, ஐஸ் பையை நீட்டுகிறான். செல்வம் வாங்கக் கை நீட்டுகிறார். அதற்குள் ஃபோர்மேனின் வண்டி வாசலில் நுழைகிறது.

"நோ பிராப்ளம் சார்" என்று சிரித்துவிட்டு, குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு நொண்டாமல் நேராக நடக்கிறார்.

"யல்லா செல்வம், ஜல்தி!" என்று வண்டிக்குள்ளிருந்து குரல் வருகிறது.

செல்வம் நடையைக் கூட்டுகிறார்.