ஏரியில் விட்ட மண்திட்டுகள்

ஏரி மண்ணை வெட்டி எடுக்கும்போது நடுநடுவே சில இடங்களைத் தொடாமல் விடுவார்கள். சுற்றிலும் பள்ளம் இறங்க இறங்க, அந்த இடங்கள் மட்டும் பழைய மட்டத்திலேயே திட்டாக நிற்கும். திட்டின் உயரத்தை அளந்தால் எவ்வளவு ஆழம் தோண்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அளந்து முடித்ததும் திட்டையும் வெட்டி லாரியில் ஏற்றிவிடுவார்கள். எண்பதுகளில் ஒரகடம் பக்கம் ஏரி மண்ணைக் கொட்டிச் சாலையை உயர்த்தி அகலப்படுத்தினோம். டிப்ளமோ முடித்த கையோடு நான் அங்கே ஓவர்சியராகச் சேர்ந்திருந்தேன். அந்தத் திட்டுகளை வெட்டாமல் விட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் பறவைகள்.

எதைப் பார்த்தாலும் மனத்துக்குள் வரிசை போடுவது என் பழக்கம். மரத்தில் கூடு கட்டுபவை: கொக்கு, நீர்க்காகம். புல்லுக்குள் கட்டுபவை: நீர்க்கோழி, தாழைக்கோழி. வெறும் தரையில் முட்டையிடுபவை: ஆள்காட்டி, சிவந்த நீளக்கால்களோடு நடக்கும் பவளக்கால் உள்ளான். முதல் இரண்டு வகைக்கும் எங்கள் வேலையால் பெரிய இடைஞ்சல் இல்லை. மூன்றாவது வகைக்கு ஏரியின் ஆழமில்லாத மேற்கு ஓரத்தை விட்டால் வேறு இடம் கிடையாது. நாங்கள் மண் எடுத்ததும் அங்கேதான்.

சென்னை விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் விலங்கியல் படித்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் இறங்கி என்னைப் பார்க்க வந்தாள். அன்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. கரையில் நின்று பார்த்தவள் சொன்னாள்:

"இப்படியே ஒவ்வொரு ஏரியா போச்சுன்னா, பறவைங்க ஏரி விட்டு ஏரி வரது போறது குறைஞ்சிடும். அங்கங்க மிச்சம் இருக்கறது தனித்தனியா மாட்டிக்கும். சில தலைமுறையில எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சொந்தமாயிடும். அப்புறம் ஒரு நோய் வந்தா, அதைத் தாங்கற மாதிரி வேற ரத்தமே அந்தக் கூட்டத்துல இருக்காது."

மண்கூடையோடு போன பெண் ஒருத்தி நின்றுவிட்டாள். "இன்னாமா சொல்றீங்க? நானும் அத்த மவனத்தான் கட்டிக்கினு கீறேன். எனக்கு இன்னா கொறச்சல்?"

"உனக்கு ஒண்ணும் இல்லடி, உன் வூட்டுக்காரனப் பாத்தாதான் தெரியுது" என்றாள் பின்னால் வந்தவள். வரிசையே சிரித்தது.

"ஒரு வீட்ல நடந்தா பரவாயில்லக்கா. ஊர் மொத்தமும், எப்பவுமே அப்படித்தான்னா?" என்று தோழி கேட்டாள்.

முதல் பெண் கூடையைச் சரிசெய்துகொண்டாள். "அப்போ, வெளியூரு மாப்ள வந்து எறங்க எடம் வேணும்ன்றீங்க."

அதைவிடத் தெளிவாக என்னால் சொல்லியிருக்க முடியாது. மறுநாளே திட்டம் போட்டேன். மேற்கு ஓரத்தில் திட்டுகளைச் சுற்றி இனி தோண்டக்கூடாது. செங்குத்தாக நின்றால் முதல் மழையிலேயே இடிந்துவிடும். அதனால் பக்கங்களைச் சரிவாகச் செதுக்க வேண்டும். மழைக்கு முன் சரிவில் புல்லை மண்ணோடு பெயர்த்துப் பதிக்க வேண்டும். குறையும் மண்ணை நடு ஏரியில் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த ஏரித் தண்ணீரில் பயிர் வைக்கும் விவசாயி ஒருவர் சண்டைக்கே வந்தார். "தண்ணி நிக்கற எடத்துல மண்ண வுட்டுட்டுப் போறியேம்மா. குருவி வந்து எனக்கு நாத்து நடுமா?"

"திட்டு அடைக்கிற தண்ணியைவிட அதிகமா நடுவுல தோண்டித் தரேங்க. கரை ஓரத்துல ஒரு கூடை மண்ணும் எடுக்க மாட்டேன்." கணக்கைக் காட்டினேன்.

"கரைஞ்சி வந்து மதகுல அடைச்சிச்சினா உன்னத்தான் கூப்டுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் வேலைக்குப் பொறுப்பான பொறியாளர் அவ்வளவுகூட இறங்கி வரவில்லை. "அளந்தாச்சுன்னா திட்டை எடுத்துடணும். யார் விடச் சொன்னது?"

"நான்தான் சார்."

"நின்னா சரிம்மா. சரிஞ்சுதுன்னா இனிமே உனக்கு சைட் கிடையாது. ஆபீஸ்ல உக்காந்து பிளானுக்கு டிரேஸிங் போடு."

வெயிலில் நின்று வேலை வாங்குவதற்காகத்தான் நான் அந்தப் படிப்பையே படித்தேன். அந்த ஐப்பசியில் மழை வலுத்த ஒவ்வொரு முறையும் முதல் பஸ்ஸைப் பிடித்து ஏரிக்குப் போனேன். ஏரி நிரம்பித் திட்டுகள் மறைந்தன. கோடையில் தண்ணீர் வடிந்தபோது ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒன்றின் ஓரம் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. மற்றவை நான் செதுக்கச் சொன்ன சரிவோடு அப்படியே நின்றன. சுற்றிலும் முழங்கால் தண்ணீர். நாய் அண்ட முடியாது. தண்ணீரில் இறங்கிக் கிட்டே போய்ப் பார்த்தேன். மண் நிறத்தில் கருந்தீற்றல் போட்ட முட்டைகள்.

முந்தைய ஆண்டு இருந்ததைவிடப் பவளக்கால் ஜோடிகள் தெளிவாகவே அதிகம். ஒரே ஆண்டில் குஞ்சு பொரித்து அவ்வளவு ஆகியிருக்க முடியாது. வடக்குப்பட்டுப் பக்கமோ அதற்கும் அப்பாலோ வேறு ஏரிகளிலிருந்து வந்தவையாகத்தான் இருக்க வேண்டும். அவற்றின் ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கும் வசதி எங்கள் யாரிடமும் இல்லை. புதியவை வந்து இறங்க இடம் இருந்தது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். அந்த இடம் என் கணக்கில் நின்றது.

சண்டைக்கு வந்த விவசாயி கரையில் யாருக்கோ கைநீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். "அதோ தெரியுது பாரு, அதெல்லாம் நாங்க வுட்ட திட்டு." கேட்கவே நன்றாக இருந்தது.

பொறியாளர் ஒரு காலையில் வந்து ஏரியை வெகுநேரம் பார்த்தார். ஜீப்பிலிருந்து சுருட்டிய வரைபடம் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். வாலாஜாபாத் சாலையில் அடுத்து மண் எடுக்கப்போகும் ஏரி.

"இதுல எங்கெங்க திட்டு விடணும்?"

"ஏரியைப் பார்த்துட்டுச் சொல்றேன் சார்" என்றேன்.