குறையாத சோப்புத் தண்ணீர்

என் வீட்டுக்காரரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூக்கர் என்றால்தான் தெரியும். அந்த வகையில் எனக்கும் 'மூக்கர் வீட்டம்மா' என்ற பட்டம் சும்மா கிடைத்தது. வீடுகளில் கேஸ் பாய்லர் மாட்டுவது அவர் தொழில். குழாயைத் திறந்தால் வெந்நீர் வர வேண்டும், அறைகளில் இருக்கும் ஹீட்டர்கள் சூடாக வேண்டும். அதற்கான பெட்டியைச் சுவரில் மாட்டிப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டு வருவார். இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு.

பட்டம் வந்த கதையை அவரே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். ஒரு தெருவில் வேலைக்குப் போய் வண்டியை விட்டு இறங்கியவர், எதிர்வீட்டைப் பார்த்து, "அங்க கேஸ் கசியுது" என்றாராம். எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். பிறகு அடுப்பை நகர்த்திப் பார்த்தால் பின்னால் குழாயில் ஊசிமுனை அளவு கசிவு. அன்றைக்கு அந்தத் தெருவே மூக்கின் மேல் விரலை வைத்தது. அன்று ஏறிய பெருமை இவருக்கு இறங்கவேயில்லை.

மனிதருக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாது. நின்றுகொண்டே சாப்பிடுவார். டிவி பார்க்க உட்கார்ந்தால் கால் ஆடும், கூடவே சோபாவும் ஆடும், பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு நானும் ஆடுவேன். வேலையில் மட்டும் ஓர் ஒழுங்கு உண்டு. "முதல்ல தண்ணி, அப்புறம் காத்து, அப்புறம் கேஸ், கடைசியில நெருப்பு" என்று தூக்கத்தில்கூட முனகுவார். பாய்லரிலும் குழாய்களிலும் தண்ணீர் நிரப்பி, அழுத்தம் காட்டும் முள் பச்சைக்கு வர வேண்டும். ஹீட்டர்களில் அடைபட்ட காற்றை ஒவ்வொன்றாகத் திறந்துவிட வேண்டும். பிறகு கேஸைத் திறந்து, ஒவ்வோர் இணைப்பிலும் கசிவு இல்லை என்று பார்க்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் நெருப்பு. தண்ணீரில்லாமல் பற்றவைத்தால் பாய்லரோடு போயிற்று. கசிவைப் பார்க்காமல் பற்றவைத்தால் என்னவெல்லாம் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

போன குளிர்காலத்தில் மூன்று வாரம் காய்ச்சலில் கிடந்தார். எழுந்த பிறகு ஒருநாள் அடுப்பங்கரையிலேயே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் பால் பொங்கி, தீய்ந்து, பாத்திரம் கறுத்துக் கிடக்கிறது. நான் கொல்லைப்புறத்திலிருந்து கத்திக்கொண்டு ஓடி வந்தேன். அவர் திரும்பிப் பார்த்து, "என்ன ஆச்சு?" என்றார். வினிகர் பாட்டிலை மூக்கருகே காட்டினேன். நறுக்கிய வெங்காயத்தைக் காட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர, மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. வாசனை தெரிவது திரும்ப வந்தாலும் வரும் என்றார் டாக்டர். எட்டு மாதமாகியும் வரவில்லை.

"வெளிய சொல்லாத. பொழப்பே போயிடும்" என்றார் இவர் அன்றைக்கே.

"சொல்லல. ஆனா இனிமே எல்லா இணைப்புலயும் சோப்புத் தண்ணி அடிச்சுதான் பாக்கணும். மூக்கை நம்பக் கூடாது."

கசிவு இருந்தால் சோப்புத் தண்ணீர் குமிழ் விடும். மூக்கு ஏமாற்றினாலும் கண் ஏமாற்றாது. தினமும் காலையில் நானே சோப்புத் தண்ணீர் கலக்கி, தெளிக்கிற பாட்டிலில் பேனாவால் கோடு போட்ட அளவுக்கு நிரப்பிப் பையில் வைப்பேன். சாயங்காலம் முதல் வேலையாக எடுத்துப் பார்ப்பேன். பாதியாவது குறைந்திருக்கும். அந்தப் பாதி பாட்டிலைப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். இது நான் கண்டுபிடித்த ஏற்பாடு என்று உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

நேற்று மூன்றரை மணிக்கே வந்துவிட்டார். ஒரு டீச்சர் வீட்டில் புது பாய்லர். நாலு மாதக் குழந்தை, புருஷன் வெளியூர் வேலையில், டீச்சர் தனியாக இருக்கிறாள். "சூப்பரா முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்தார். நான் பையைத் திறந்தேன். சோப்புத் தண்ணீர் கோட்டிலேயே நின்றது.

"என்னங்க, இது என்ன?"

"காலையில பிரஷர் மீட்டர் வெச்சு முழு லைனையும் டெஸ்ட் பண்ணிட்டேன். சொட்டு கசிவு இல்ல."

"அதுக்கப்புறம் எதையாவது கழட்டுனீங்களா?"

அவர் நடை வேகமானது.

"கேக்கறேன்ல!"

"பாய்லருக்குக் கீழ கேஸ் குழாயில ஒரே ஒரு நட்டு. பாய்லர் மூடி அதுல இடிச்சுது, கழட்டித் திருப்பி மாட்டுனேன். அந்த டீச்சர் பக்கத்துல நின்னுக்கிட்டு, 'அண்ணா, நீங்க மோந்தே கண்டுபிடிப்பீங்களாமே'ன்னுச்சு. அதான்..."

"மோந்து பாத்தீங்களா?"

"ம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பாட்டிலைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் இப்போது அதற்கு வேலை இருந்தது. டீச்சருக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. "கேஸ் கம்பெனிக்குச் சொல்லிடவா?" என்றேன். "அவங்க வர அரை மணி ஆகும். நாம ஏழு நிமிஷம்" என்று சாவியை எடுத்தார். அந்த ஏழு நிமிடத்தில் இரண்டு சிக்னல். இரண்டிலும் சிவப்பு. குழந்தை எந்த அறையில் தூங்கும், பாய்லர் எந்த அறையில் இருக்கிறது என்று கேட்க வாயெடுத்துவிட்டு, கேட்கப் பயந்து மூடிக்கொண்டேன்.

வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடினார். வெளிச்சுவரில் இருந்த கேஸ் மீட்டர் பெட்டியைத் திறந்து முதலில் கேஸை மூடினார். நான் காலிங் பெல்லை அழுத்தக் கையை நீட்டினேன். "பெல்லைத் தொடாத! ஒரு பொறி போதும்!" என்று கத்திவிட்டுக் கதவைக் கையால் தட்டினார்.

டீச்சர் கதவைத் திறந்தாள். தோளில் ஈரத் துண்டு சுற்றிய குழந்தை. புது வெந்நீரில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாளாம். கதவு திறந்ததும் எனக்குக் குப்பென்று அடித்தது, அழுகிய முட்டை மாதிரி அந்த நாற்றம். பக்கத்திலேயே நின்றார் என் வீட்டுக்காரர். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

"எந்த சுவிட்சையும் தொடாம வெளிய வாங்கம்மா" என்றார்.

டீச்சரையும் குழந்தையையும் தெருவோரம் நிறுத்தினோம். அவர் உள்ளே போய் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு வந்தார். நாற்றம் முழுக்கப் போகும்வரை வெளியிலேயே நின்றோம். டீச்சர் அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"வீட்லேர்ந்தே கண்டுபிடிச்சுட்டீங்களா அண்ணா? அப்படியும் ஒரு மூக்கா!"

இவர் பதில் சொல்வதற்குள் டீச்சரே தொடர்ந்தாள்.

"எனக்கு மத்தியானமே லேசா வாசனை வந்துச்சுண்ணா. ஆனா உங்க மூக்குக்கே தெரியலன்னா எனக்கு என்ன தெரியப்போகுது? புது மெஷின் வாசனையா இருக்கும்னு கதவைச் சாத்திட்டுக் குழந்தையத் தூங்க வெச்சேன்."

இவர் பேசாமல் இருந்தால் போதும், பட்டம் இன்னும் இரண்டு தெருவுக்குப் பரவும். சத்தியமாகச் சொல்கிறேன், பேசாமல்தான் இருப்பார் என்று நினைத்தேன்.

"எனக்கு வாசனையே தெரியாதும்மா. எட்டு மாசமாச்சு. மோந்து பாத்த மாதிரி நடிச்சேன்."

டீச்சர் குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றினாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். நானாக இருந்தால் கத்தியிருப்பேன். அவள் மெதுவாக ஓரடி பின்னால் தள்ளி நின்றாள். அதைப் பார்த்து இவர் தலை குனிந்தது.

பிறகு நட்டைக் கழற்றினார். உள்ளே வாஷர் மடங்கிக் கிடந்தது. புதியதைப் போட்டு இறுக்கினார். பிரஷர் மீட்டர் வைத்து முழு லைனையும் மறுபடி பார்த்தார். கேஸைத் திறந்து ஒவ்வோர் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தார். அந்த நட்டுக்கு வந்ததும் பாட்டிலை டீச்சரிடம் கொடுத்து, "நீங்களே அடிச்சுப் பாருங்க" என்றார். தெளித்தாள். மூன்று பேரும் அந்த நட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு குமிழ்கூட வரவில்லை. பற்றவைத்ததும் நெருப்பு நீலமாக எரிந்தது.

"இனிமே வாசனை வந்தா யாரையும் கேக்காதீங்க. மூடிட்டு வெளிய வந்து போன் பண்ணுங்க. என் மூக்கைப் பத்தி எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க" என்றார். டீச்சர் தலையை மட்டும் ஆட்டினாள்.

வண்டியில் ஏறினோம். சாவியைப் போட்டவர் திருகவில்லை. கால் ஆடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் காலை நான் அப்படிச் சும்மா பார்த்ததே இல்லை. எனக்கு மனசு கொஞ்சம் இளகியது.

"போகட்டும் விடுங்க. ஒரு நாள் தப்பு. பாட்டில் காட்டிக்கொடுத்துடுச்சு."

"ஒரு நாள் இல்ல."

"என்ன சொல்றீங்க?"

"நீ பாட்டிலப் பாப்பேன்னு தெரியும். அதான் சில நாள் வர்ற வழியில பாதியக் கீழ ஊத்திட்டு வந்துடுவேன். இன்னிக்கு மறந்துட்டேன்."

சாயங்காலம் சாயங்காலம் நான் எடுத்துப் பார்த்து நிம்மதிப்பட்ட பாட்டில்களெல்லாம் கண்முன் வந்தன. டீச்சரை மனசுக்குள் பைத்தியக்காரி என்று திட்டியிருந்தேன். அவள் மூக்கை நம்பினாள், நான் பாட்டிலை நம்பினேன், அவ்வளவுதான்.

"எத்தனை வீடு?"

"ஒம்பது."

பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். கால்வாசி இருந்தது. டீச்சர் வீட்டுக் கதவை மறுபடி தட்டினேன். அவள் தந்த சோப்பையும் தண்ணீரையும் கலந்து அதைக் கோடுவரை நிரப்பிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினேன்.

"முதல் வீடு எங்க இருக்கு?" என்றேன்.